தீயணைக்கிறவன் வாயைக் கட்டுகிறவர்கள்

‘ஜப்பான்ல ஃபயர் சர்வீஸ்காரனுக்குச் சங்கம் வைக்க உரிமை இல்லையாம். அதனால நமக்கென்ன தோழர்? நம்ம பக்கத்துல அத எழுதி என்ன ஆவப்போவுது?’ என்று ஒரு தோழர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. நம்மிடம் இருக்கிற பக்கங்கள் குறைவு. எழுதவேண்டிய சாவுகள் அதிகம். இருந்தும் எழுதுகிறேன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சித்திரை மாதத்தில் எங்கள் சேரியில் தீப்பிடித்தது. எனக்கு அப்போது பத்து வயசு. எல்லாம் கீற்றுக் கூரை. காற்று வேறு. ஃபயர் இன்ஜின் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஊர்த்தெரு முனையோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் வண்டி போக வழி கிடையாது, வரப்பும் வாய்க்காலும்தான். குழாயை இழுத்துப் பார்த்தார்கள், எட்டவில்லை. எங்கள் சனம் குடத்துத் தண்ணியும் மண்ணுமாக அணைத்து முடிக்கிறபோது பதினோரு வீடு சாம்பல். எங்கள் அம்மாயி மண்ணை வாரித் தூற்றி அந்த வண்டிக்காரர்களைச் சபித்தாள். அவர்களில் வயசான ஒருவர் என் பெரியப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: ‘இங்க வண்டி வர வழி இல்லன்னு நாலு வருசம் முந்தியே எழுதிக் குடுத்தேங்க. மேல இருக்கிறவரு கூப்பிட்டு, நீ நெருப்ப அணைக்கத்தான் சம்பளம் வாங்குற, சேரிக்கு ரோடு கேக்குறதுக்கு இல்லன்னாரு. அடுத்த மாசமே ட்ரான்ஸ்பர். இப்பத்தான் திரும்ப வந்திருக்கேன். வெளிய சொல்லிராதீங்க.’

எரிந்த வீடுகளைக்கூட மறந்துவிட்டேன். அந்த ‘வெளிய சொல்லிராதீங்க’ மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. உண்மை தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். எழுதியும் கொடுத்தான். அவனைப் பழிவாங்கினார்கள். அதன் விலையை நாங்கள் கொடுத்தோம். ஜப்பான் எனக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜப்பானின் அரசியல் சட்டம் 1946இல் எழுதப்பட்டது. தொழிலாளர்கள் சங்கமாகச் சேரலாம், கூட்டாகப் பேரம் பேசலாம், கூட்டாகச் செயல்படலாம் என்று அதன் 28ஆம் பிரிவு சொல்கிறது. 1948இல் தீயணைப்பைப் போலீசிலிருந்து பிரித்து உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தார்கள். அத்தோடு போலீசுக்கும் அவர்களுக்கும் உறவு முடிந்துவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? 1950இல் உள்ளாட்சிப் பணியாளர் சட்டம் வந்தது. அதன் 52ஆம் பிரிவு, மற்ற பணியாளர்கள் அமைப்பாகச் சேரலாம் என்று சொல்லிவிட்டு, போலீசும் தீயணைப்புக்காரரும் மட்டும் அப்படி ஓர் அமைப்பைத் தொடங்கவும் கூடாது, சேரவும் கூடாது என்று கதவைச் சாத்தியது. வேலையில் பிரித்தவர்களை உரிமை மறுக்கிற இடத்தில் மட்டும் மறுபடி போலீசோடு சேர்த்துக் கட்டினார்கள்.

அமைப்பில் இருப்பதற்காக யாரையும் பாதகமாக நடத்தக்கூடாது என்று அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பு இது. ஆனால் சேரவே கூடாது என்று விலக்கி வைத்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு எந்த மூலைக்கு? கோயிலுக்குள்ளேயே விடாதவனிடம், பிரசாதத்தில் எல்லாருக்கும் சம பங்கு என்று சொல்கிற கதைதான். நமக்கு இந்தக் கதை புதுசில்லை. இப்படி விலக்கி வைக்கப்பட்டவர்கள் இன்றைக்கு 1,60,000 பேருக்கும் மேல்.

உலகத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 87ஆம் உடன்படிக்கை, சங்கம் வைக்கிற உரிமை பற்றியது. 1948இல் வந்தது. ராணுவம், போலீஸ் ஆகிய இரண்டு விஷயத்தை மட்டும் அது அந்தந்த நாட்டின் சட்டத்துக்கு விடுகிறது. தீயணைப்பு என்ற பேச்சே அதில் இல்லை. ஜப்பான் 1965இல் அதை ஏற்றுக் கையெழுத்திட்டது. ‘எங்கள் நாட்டில் தீயணைப்பும் போலீஸ் மாதிரிதான்’ என்று வாதாடியது. தீயணைப்பவர் வேலை அந்த விலக்குக்குள் வராது என்று ஐ.எல்.ஓ.வின் நிபுணர் குழு 1973இல் சொன்னது. அதற்குப் பிறகும் சொன்னது. 2002இல் தொழிற்சங்கங்கள் புகார் கொண்டுபோனபோது, சங்க உரிமைக் குழுவும் தீயணைப்பவர்களுக்கு உரிமை கொடு என்றது. கேட்டுக்கொண்டார்கள். தலையாட்டினார்கள். 52ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.

தீயணைப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. 1977இல் நாடு தழுவிய கூட்டமைப்பு ஒன்றைத் தாங்களாகவே உண்டாக்கினார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அது சங்கம் கிடையாது. கூடிப் பேசலாம், படிக்கலாம். மேலதிகாரி எதிரில் உட்கார்ந்து பேரம் பேச முடியாது.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46 மணி. கோபே நகரம் குலுங்கியது. செத்தவர்கள் 6,434 பேர். பெரும்பாலோர் இடிபாட்டில் நசுங்கிச் செத்தார்கள். அதற்கு மேல் தீ. ஏறத்தாழ 7,000 கட்டிடங்கள் எரிந்து போயின. தீ மிக மோசமாகத் தின்ற இடம் நகாத்தா வட்டாரம். அங்கே யார் இருந்தார்கள்? ரப்பர் செருப்பு, ஷூ தைக்கிற சின்னச் சின்னப் பட்டறைகள். அந்தப் பட்டறைகளை ஒட்டிப் பழைய மரவீடுகள். கொரிய வம்சாவளியினர், வியட்நாம் அகதிகள், அப்புறம் புராக்கு மக்கள். தோல் உரித்ததற்காகவும் பிணம் சுமந்ததற்காகவும் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் வாரிசுகள். 1871இல் சட்டப்படி விடுதலை பெற்றவர்கள். 1922இல் கியோத்தோவில் கூடித் தங்கள் சுயமரியாதை இயக்கத்தை ஆரம்பித்தவர்கள். ‘நமக்கென்ன?’ என்று கேட்ட தோழருக்கு இது போதுமா?

தீயணைப்பவர்கள் நகாத்தாவுக்குப் போனார்கள். தெருக்குழாயைத் திறந்தால் தண்ணி இல்லை. பூமிக்கடியில் குழாய்கள் உடைந்துபோயிருந்தன. கடலிலிருந்து குழாய்மேல் குழாய் இணைத்து இழுத்து வந்தார்கள். வண்டிகள் ஏறி அந்தக் குழாய்களும் வெடித்தன. கண்ணெதிரில் மனுசர்கள் எரிய, வறண்ட குழாயைக் கையில் பிடித்து நின்றவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சனங்கள் திட்டினார்கள். திட்டத்தான் செய்வார்கள். எங்கள் அம்மாயியும் திட்டினாள்.

சங்கம் இருந்திருந்தால் பூகம்பம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பைத்தியக்காரன் இல்லை. எந்தத் தெருவுக்கு வண்டி போகாது, எந்தக் குழாயில் தண்ணி வராது, எத்தனை ஆள் குறைவு என்பது முதலில் தெரிவது கீழே நிற்கிறவனுக்கு. அதைத் தைரியமாகச் சொல்ல அவனுக்கு ஒரு இடம் வேண்டும், சொன்னபிறகு பிழைத்திருக்க ஒரு பாதுகாப்பு வேண்டும். இவ்வளவுதான் நான் சொல்வது. சேரிக்கும் நகாத்தாவுக்கும் அது சோற்றுப் பிரச்சினைக்கு மேலே, உயிர்ப் பிரச்சினை. பணக்காரத் தெருவுக்கு அகலச் சாலை தானாக வரும். நமக்கு யாராவது எழுதிக் கொடுத்தால்தான் வரும்.

கோபே எரிந்த அதே 1995இல் அரசு என்ன கொடுத்தது? ‘தீயணைப்புப் பணியாளர் குழு’ என்று ஒன்றைக் கொடுத்தது. சட்டத்தைத் திருத்தி, 1996இலிருந்து அமல். பணியாளர்கள் வேலைநிலைமை, உடை, கருவி பற்றி யோசனை சொல்லலாம். குழு அதை ஆராய்ந்து கருத்துச் சொல்லும். யாரிடம்? தீயணைப்புத் தலைவரிடம். குழு உறுப்பினர்களை நியமிப்பது யார்? அதே தலைவர். பாதிப் பேரைப் பணியாளர் பரிந்துரைப்படி நியமிப்பாராம். கருத்தை ஏற்பதும் குப்பையில் போடுவதும் அவர் இஷ்டம். இதை நம்ம ஊரில் மனுநீதி நாள் என்பார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று மனு கொடுத்த எந்தக் கிழவியும் மனுவுக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுவாள். மனு கொடுக்கிறவள் கையைக் கட்டி நிற்கிறாள். பேரம் பேசுகிறவன் எதிரில் நாற்காலி போட்டு உட்காருகிறான். அந்த நாற்காலியைத்தான் தரமாட்டேன் என்கிறார்கள்.

‘கட்டுப்பாடு கெட்டுவிடும். வீடு எரியும்போது இவன் ஸ்டிரைக் பண்ணுவான்.’ இதுதான் அவர்களுடைய பெரிய வாதம். இது வாதம் இல்லை, பூச்சாண்டி. சங்கமாகச் சேரும் உரிமை வேறு, வேலைநிறுத்த உரிமை வேறு. தீயணைப்பு அத்தியாவசியப் பணி. அங்கே வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தலாம், அதற்குப் பதிலாக நடுநிலையான தீர்ப்பு வழி ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்று ஐ.எல்.ஓ.வே சொல்கிறது. ஜப்பானில் மற்ற உள்ளாட்சிப் பணியாளர்களுக்கு அமைப்பு உண்டு, வேலைநிறுத்த உரிமை இல்லை. இவர்களுக்கு அமைப்பே இல்லை. கேட்பதோ சேரும் உரிமை. மறுப்பதற்குக் காட்டுவது வேலைநிறுத்தத்தை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1918லேயே தீயணைப்பவர் சங்கங்கள் வந்துவிட்டன. நூறு வருசத்துக்கு மேல் ஆகிறது. லண்டன் சாம்பலாகிவிடவில்லை.

கட்டுப்பாடு என்ற பெயரில் உள்ளே என்ன நடக்கிறது என்பதும் ரகசியம் இல்லை. தீயணைப்பு நிலையங்களில் மேலதிகாரிகள் செய்யும் கொடுமைகளைத் தடுக்க வழி சொல்லும்படி 2017இல் அரசின் தீயணைப்பு முகமையே ஒரு குழு போட வேண்டியிருந்தது. அடிக்கிறவனிடமே போய் அடித்தான் என்று புகார் கொடு என்றால் எவன் கொடுப்பான்?

2011 மார்ச்சில் சுனாமி. எச்சரிக்கை சொல்லப் போனவர்கள், மதகை மூடப் போனவர்கள் என்று தொண்டர் தீயணைப்பு வீரர்கள் மட்டுமே 250 பேருக்கு மேல் மாண்டார்கள். ஃபுகுஷிமா அணு உலை வெடித்தது. தோக்கியோ தீயணைப்புத் துறையின் ஆட்கள் கதிர்வீச்சுக்குள் போய் மூன்றாவது உலைமேல் தண்ணி பாய்ச்சினார்கள். மணிக்கணக்காகப் பாய்ச்சச் சொல்லி, சொன்னபடி செய்யாவிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று அவர்களை மிரட்டினார்கள் என்று செய்தி வெளியே வந்தது. தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா பிரதமரிடம் நேரில் போய்ச் சண்டை போட்டார். பொருளாதார அமைச்சர் கையேதா மன்னிப்புக் கேட்டார்.

நல்லதுதானே என்பீர்கள். அந்த இஷிஹாரா யார்? பூகம்பம் வந்தால் வெளிநாட்டுக்காரர்கள் கலகம் செய்வார்கள் என்று 2000இல் ராணுவத்தார் முன்னால் பேசியவர். தீயணைப்பவனின் மானம் அப்படிப்பட்ட ஒரு எசமானின் கோபத்தை நம்பி நின்றது. நல்ல எசமான் வாய்த்தால் தப்பித்தான்; வாய்க்காவிட்டால்? பண்ணையார் நல்லவராக இருந்த ஊர்க்கதை நமக்கும் தெரியும். அடுத்த ஊர்ப் பண்ணையார் கதையும் தெரியும்.

மறுவருசம், 2012 நவம்பர் 15இல், தீயணைப்பவர்களுக்குச் சங்க உரிமை தரும் மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மறுநாளே கீழவை கலைந்தது. மசோதாவும் செத்தது. அதற்கு ஆயுசு ஒரு நாள்.

இன்னொரு கேள்வியும் நம் பக்கத்திலிருந்தே வரும். ‘சீருடை போட்டவன் நமக்கு என்ன செஞ்சான்? 1999இல தாமிரபரணில மாஞ்சோலைச் சனத்த ஆத்துக்குள்ள அடிச்சு விரட்டி 17 பேர் செத்தாங்களே, அடிச்சது சீருடைதானே?’ ஆமாம். ஜப்பானிலும் 1923 பூகம்பத்தில் கொரியர்களை ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொன்ற கும்பல்களில் ஊர்த் தீயணைப்புக் குழுக்காரர்களும் இருந்தார்கள். ஃபுகுதா கிராமத்தில் மருந்து விற்க வந்த புராக்கு மக்கள் ஒன்பது பேரை இந்த மாதிரிக் கும்பல்தான் கொன்றது. நான் தீயணைக்கிறவனைத் தெய்வமாக்க வரவில்லை. மேலே இருந்து சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்கிற சீருடை எப்போதும் நம் தலையில்தான் விடிந்திருக்கிறது. கேள்வி கேட்டால் வேலை போகாது என்ற நிலை அவனுக்கு இருந்தால், தப்பான உத்தரவை மறுக்க ஒருத்தனாவது துணிவான். சங்கம் வந்ததும் அவன் சாதி போய்விடாது. அந்தச் சண்டையை நாம் சங்கத்துக்குள்ளேயும் போடுவோம்.

அம்பேத்கர் 1938இல் பம்பாய்ச் சட்டசபையில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து நின்றார். நவம்பர் 7இல் வேலைநிறுத்தம் நடத்தினார். 1943இல் வைசிராய் சபையின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, முதலாளிகள் சங்கத்தை அங்கீகரித்தே ஆகவேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அவரைச் சாதித் தலைவர் என்று மூலையில் ஒதுக்குகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர் சட்டம் எழுதிக் கொடுத்த இந்த நாடு, ஐ.எல்.ஓ.வின் 87ஆம் உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்தே போடவில்லை. ஜப்பான் போட்டுவிட்டு ஏமாற்றுகிறது. நாம் போடாமலே ஏமாற்றுகிறோம்.

கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. நாற்பத்து நான்கு பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். எதற்கு? கூலியை உயர்த்திக் கேட்டதற்கு. செங்கொடிச் சங்கத்தை விட்டு வெளியே வா என்றபோது வரமாட்டோம் என்றதற்கு. எசமான்கள் சங்கத்துக்குக் கொடுத்த பதில் அந்தத் தீ. பழிவாங்கல் என்பது சிலருக்கு மெமோவாக வருகிறது, சிலருக்கு ட்ரான்ஸ்பராக வருகிறது. நமக்கு நெருப்பாக வந்தது. சங்கம் என்ற சொல்லுக்கு என்ன விலை என்று நம்மைவிடத் தெரிந்தவர்கள் யார்?

அதனால்தான் எழுதினேன் தோழர். பெரியப்பாவிடம் ரகசியமாகப் பேசிய அந்த மனுசன் இப்போது இருக்கிறாரோ இல்லையோ. அவர் சொன்னதை வெளியே சொல்லிவிட்டேன்.