கருமை காப்பாகாது

திருவனந்தபுரத்துக் காரியவட்டம் மைதானங்களிலும் சங்குமுகம் கடற்கரையிலும் விளையாடும் மாணவர் கறுப்புக் கண்ணாடி அணிவதைக் காண்கிறோம். ஆயினும், வில்லை கருத்திருப்பதே கண்ணுக்குக் காப்பு என்று கருதுவது தவறு. கருநிறத்தின் பின்னே கண்ணின் பாவை விரிகின்றது. புற ஊதாக் கதிரைத் தடுக்காத வில்லையாயின், அக்கதிர் கூடுதலாகவே உட்புகும். ஆகவே, 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கும் என்னும் குறிப்பு உண்டா என்றே முதலில் நோக்குதல் வேண்டும்.

பந்தாட்டத்திற்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லை ஏற்றது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைத்தளத்தில் அதிர்வது. அதனைத் தடுப்பது, 1929-இல் எட்வின் லாண்டு காப்புரிமை கோரிய போலராய்டு வகை. படகு செலுத்துவோர்க்கு அது பெருந்துணை, பந்தாடுவோர்க்கு இன்றியமையாததன்று.

குறிப்பில்லாத கறுப்புக் கண்ணாடியினும் அகன்ற விளிம்புள்ள தொப்பியே மேல். இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர், களப்பணியாளர் ஆகியோரின் கடமையாகும்.