பொக்கற்றுக்குள்ள ஒரு மக்னம்

துவக்குக்கு மதிப்புரை எழுத நீங்கள் ஆர் எண்டு கேட்கலாம். நியாயம்தான். எங்களுக்குத் தெரிஞ்ச துவக்கெல்லாம் சென்றியில நிண்டவையின்ர கையில இருந்தவை. நாங்கள் பாக்கைத் திறந்து காட்டின பக்கம். ஆனால் எங்களில ஒருத்தரின்ர ஒன்றுவிட்ட அண்ணா ரெக்சாஸில இருக்கிறார். போன மாதம் ஒரு லிங்க் அனுப்பி, "இதை வாங்கட்டோ?" எண்டு கேட்டார். அங்கே 2021 செப்டெம்பரில் இருந்து, 21 வயது கடந்த, சட்டத்தடை இல்லாத ஒருவர் அனுமதிப்பத்திரம் எடுக்காமலே கைத்துப்பாக்கியை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு திரியலாம். இரண்டு கிழமையாக யூடியூப்பில் துவக்கு றிவ்யூக்களாகப் பார்த்துத் தள்ளினோம். இப்ப எங்களுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கு.

சாமான், ஸ்மித் அன்ட் வெசன் 340பிடி. .357 மக்னம் ரவை ஐந்து போடுகிற றிவோல்வர். ஸ்கண்டியம் கலந்த அலுமினியச் சட்டகம், டைட்டேனியம் உருளை, இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த குழல். மொத்த எடை ஏறத்தாழ 330 கிராம். ஒரு இறாத்தல் பாணே 450 கிராம்! சுத்தியல் உள்ளுக்குள் மறைந்திருப்பதால் பொக்கற்றிலிருந்து இழுக்கேக்க துணியில கொழுவாது. ரெக்சாஸ் வெயிலுக்குக் கட்டைக் காற்சட்டையோட திரியிற மனிசனுக்கு இது ஏன் பிடிக்குது எண்டு விளங்குது. பாரமான துவக்கு மூன்றாம் நாள் மேசை லாச்சிக்குள்ள போயிடும்.

பிரச்சினை அந்தப் பாரத்தில்தான் இருக்கு. அதே ரவையைச் சுடுகிற நாலு அங்குலக் குழல் உருக்கு றிவோல்வர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. எடையை மூன்றிலொன்றாகக் குறைத்தால் துவக்கு கையை நோக்கித் திரும்பி வரும் வேகம் மூன்று மடங்கு. ஏ.எல்.லில் படிச்ச உந்தக் காப்பு விதிதான், பணம் குடுத்து மீற ஏலாது. குழல் கட்டை, ஆகவே மருந்தின் ஒரு பகுதி தீப்பிழம்பும் சத்தமுமாக வெளியே போகுது. விசையை இழுக்கத் துவக்கின் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேலான பலம் வேணும். இழுக்கிற இழுவையிலேயே குறி அசையும். இவ்வளவு இலேசான மக்னங்களில், ஒரு வெடியின் உதைப்பில் மற்ற ரவைகளின் முனை கோதிலிருந்து முன்னுக்கு நழுவி உருளையை இறுக்கிவிடுவதும் உண்டு.

இதனால் என்ன நடக்குது? வாங்கினவை பலபேர் இதற்குள் .38 ஸ்பெஷல் எண்ட மெல்லிய ரவையைத்தான் போடுகினம். மக்னத்துக்குக் காசு, பொக்கற்றுக்குள்ள .38. அதுக்கு .38 மட்டும் சுடுகிற, விலை குறைஞ்ச ஒன்றையே வாங்கியிருக்கலாமே.

றிவ்யூகாரர் உதைப்புக்கு மார்க் போடுகினம், பிடிக்கு மார்க் போடுகினம். வருசக்கணக்காக அது வீட்டுக்குள்ள சும்மா கிடக்கப்போற காலத்துக்கு ஒருவரும் மார்க் போடேல்ல. 2014 டிசெம்பரில் ஐடஹோ மாநிலத்துக் கடையொன்றில், இரண்டு வயசுப் பிள்ளை தாயின் ஹாண்ட்பாக்கிலிருந்த பிஸ்டலை எடுத்துச் சுட்டுத் தாய் இறந்துபோனார். துவக்கு வைக்கவென்றே தனி சிப் வைத்துத் தைச்ச பாக் அது. நியாயத்துக்குச் சொல்லவேணும், 340பிடியின் இறுக்கமான விசை அந்த வயசுப் பிள்ளைக்கு லேசில் இழுபடாது. ஆனால் அமெரிக்காவில் துவக்கால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வளர்ந்த ஆளுக்கு எந்த விசையும் இறுக்கமில்லை.

வாங்காதேங்கோ எண்டுதான் எங்கட பதில். அது ஏறாட்டி, முதல்ல சுடுதளத்தில் இதே வகை இலேசான மக்னம் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கோ எண்டும் எழுதினோம். போயிருக்கிறார். ஐந்து ரவை சுட்டுவிட்டு, அடுத்த ஐந்துக்கு .38 கேட்டாராம். வீட்ட வந்து கதையைச் சொல்ல, அண்ணி ஒண்டே ஒண்டுதான் கேட்டவ: "உடுப்பைக் கழட்டினாப்பிறகு இதை எங்க வைப்பியள்?"

அலுமாரி மேல்தட்டு எண்டாராம். மூத்தவன் கதிரை போட்டு ஏறி மில்க் ரொபி எடுக்கிற தட்டு அது.