மாடி ஏறிய சேரி

கல்பாக்கம் அணுசக்தி ஊழியர்களுக்கு அரசு கட்டிய குடியிருப்பு அணுபுரம். வேலைக்குப் பக்கத்தில் வீடு, நியாயம்தான். இதே செங்கல்பட்டு மாவட்டத்துப் பெரும்பாக்கத்தில், சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து பிய்த்தெடுத்த ஜனங்களை எட்டு மாடிகளில் அடுக்கியிருக்கிறார்கள். பெரும்பகுதி தலித்துகள். பிழைப்போ 20 கிலோமீட்டருக்கு அப்பால். லிப்ட் நின்றால் கர்ப்பிணியும் கிழவியும் படியேறணும்.

நெருக்கமாகக் கட்டுவதில் தப்பில்லை தோழர்களே, ஊருக்கு வெளியே தள்ளிக் கட்டுவதுதான் தப்பு. சேரி மாடி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

1970இல் பிறந்த குடிசை மாற்று வாரியம் ஆரம்பத்தில், ஜனங்கள் குடியிருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுத்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? நகரத்து மண் விலை ஏறிவிட்டது.

1994இல் பஞ்சமி நிலம் கேட்டு, செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியான ஜான் தாமசும் ஏழுமலையும் எழுப்பியது இந்தக் கேள்வியைத்தான்: மண் யாருக்கு?

வரைபடம் போடும் முன்னே எங்களைக் கேள். இருந்த இடத்திலேயே கட்டு.