‘ஒரே லாக்!’

கூடத்தில் படம் ஓடுகிறது. மாமா சோபாவில் சாய்ந்திருக்கிறார். மகன் தரையில் படுத்தபடி ஒரு கண்ணை போனிலும் ஒரு கண்ணை டிவியிலும் வைத்திருக்கிறான். அத்தை அடுக்களை வாசலில் நிற்கிறார், கையில் பாதி ஆய்ந்த கீரை. நாற்பதாவது நிமிடத்தில் தீர்ப்பு வருகிறது: “ஒரே லாக்குடா. சமைச்சுக்கிட்டே இருக்கா. வேற ஏதாவது போடு.” படம் மாறுகிறது. அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீடு மயிலாப்பூரில். படம் ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. 2021 ஜனவரி 15 அன்று நீஸ்ட்ரீம் என்ற சிறிய மலையாளத் தளத்தில் வெளியாகி, பிறகு பெரிய தளத்துக்கு வந்த படம். பிறந்ததே வீட்டுக் கூடத்தில் என்று சொல்லலாம். அதைப் பற்றி அப்போது நான் கேட்ட அபிப்பிராயங்களும் கூடத்தில் பிறந்தவைதாம். “ஒரே லாக்.” “இந்தக் காலத்துல யாரு அம்மியில அரைக்கச் சொல்றாங்க?” “அவன் அடிக்கவே இல்லையே, அப்புறம் என்ன பிரச்சினை?” பதில் சொல்லப் போனால் உடனே ஒரு சமாதானம் வரும்: “சும்மா சொன்னேம்மா, படம்தானே.”

சும்மா சொல்வது என்று எதுவும் இல்லை. யோசிக்காமல் வாயில் வரும் சொல்லில்தான் வீட்டின் சட்டம் இருக்கிறது.

முதலில் லாக். படத்தின் நீளம் சுமார் 100 நிமிடம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் அந்தப் படம். அதை உட்கார்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. நறுக்குவது, அரைப்பது, பரிமாறுவது, எச்சில் தட்டை எடுப்பது, ஒழுகும் சிங்க்கின் அடியில் சாக்கு போடுவது, மறுநாள் மறுபடியும். திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் புகார். திரும்பத் திரும்ப வருவதுதான் படமே. சாப்பிடுகிறவருக்கு அது லாக். செய்கிறவருக்கு அது செவ்வாய்க்கிழமை.

மெதுவான படத்தை மெது என்று சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதே கூடத்தில் நாயகன் ஸ்லோமோஷனில் நடந்து வர முழுசாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறான், யாரும் கொட்டாவி விடுவதில்லை. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) வந்தபோதும் இதே சொல்தான் வந்தது. வேறு சாதிப் பையனை விரும்புகிறாள் என்பதற்காக, பேய் பிடித்தவள் என்று சொல்லி ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். வழியெல்லாம் அவள் வாய் திறப்பதே அபூர்வம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாதவர்களும் அதை லாக் என்றார்கள். ஆணின் நடை மெதுவானால் அது ஸ்டைல். பெண்ணின் வேலையும் மௌனமும் மெதுவானால் லாக்.

அடுத்து, “அடிக்கவே இல்லையே.” இதை நான் மிகவும் அஞ்சுகிறேன். ஏனென்றால் இதைச் சொன்னவர்களில் பெண்களும் உண்டு. அந்தக் கணவன் ஓட்டலில் எச்சிலை ஒழுங்காகத் தட்டிலேயே வைக்கிறான்; வீட்டில் மேஜைமேல் போடுகிறான். அதைச் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டிய மனைவிதான் கடைசியில் மன்னிப்புக் கேட்கிறாள். அடி மட்டுமே வன்முறை என்று நாம் வைத்திருக்கும் அளவுகோல், அடிக்காத ஒவ்வொருவனையும் உத்தமனாக்கிவிடுகிறது. அம்மிக்கும் இதே பதில். மிக்ஸி வந்துவிட்டது, சரி. அதைப் போடுவது யார், கழுவுவது யார்?

ஒரு காலத்தில் பெண்கள் படம் பார்க்க வீட்டைவிட்டு வெளியே போனார்கள். மயிலாப்பூரில் கபாலி, லஸ்ஸில் காமதேனு, தி.நகரில் ராஜகுமாரி, அடையாறில் ஈராஸ். எதுவும் இன்று தியேட்டராக இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து மேட்னிக்குப் போவார்கள். இரண்டரை மணி நேரம் யாரும் காபி கேட்க முடியாது. திரும்பி நடக்கும்போது பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்கு ஆண் காது இல்லை. இப்போது படம் வேலை நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. குக்கர் விசில் வந்தால் எழுந்து போகிறோம். நமக்காக யாரும் படத்தை நிறுத்தி வைப்பதில்லை. திரும்பி வந்து, “என்னாச்சு?” என்று கேட்கிறோம். “ஒண்ணுமில்ல, அதேதான்” என்கிறார்கள்.

அபிப்பிராயத்துக்குப் பலமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஸ்ரீரங்கத்துக் கோயில் பிரசாதம் சமைப்பவரின் மகள் அசைவமும் சமைத்துச் சமையல் கலைஞராவதைச் சொன்ன படம் ‘அன்னபூரணி’. 2023 டிசம்பரில் தியேட்டரில் ஓடியபோது பெரிய சத்தம் இல்லை. மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு, அதாவது வீட்டுக்குள், வந்ததும் சிலர் மனம் புண்பட்டது. ஜனவரியில் படம் தளத்திலிருந்தே எடுக்கப்பட்டது, தயாரிப்பில் பங்கிருந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அவர்களுக்குப் பிடிக்காதது மனுவாகிறது, வழக்காகிறது. நமக்குப் பிடிக்காதது “சும்மா சொன்னேன்” ஆகிறது. படத்தை நீக்கச் சொல்லும் உரிமை எனக்கு வேண்டாம். என் கருத்துக்கு எடை வேண்டும்.

வகுப்பில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி சொன்னாள்: “மேம், எங்கம்மா பாதியிலயே எழுந்து போயிட்டாங்க. ‘இத நான் தினம் பாக்குறேன், இதுக்கு வேற டிவியா’ன்னாங்க.” வகுப்பு சிரித்தது. எனக்கு அதைவிடக் கூர்மையான விமர்சனம் நினைவில்லை. அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை எழுதி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அந்த மூலையிலிருந்து வரும் வாக்கியத்தை நாம் இன்னும் நகைச்சுவைத் துணுக்காகத்தான் கேட்கிறோம்.

ஆகவே மாணவிகளிடம் நான் கேட்பது சிறியது. அடுத்த முறை வீட்டில் படம் ஓடும்போது அம்மாவை உட்காரச் சொல்லுங்கள். குக்கரை நீங்களோ தம்பியோ பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் முதலில் அவரிடம் கேளுங்கள், எப்படி இருந்தது என்று. “எனக்கென்ன தெரியும்” என்பார். அங்கேயே விட்டுவிடாதீர்கள், இரண்டாம் முறையும் கேளுங்கள்.

அன்று இரவு, எல்லோரும் படுத்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே அத்தை என்னிடம் கேட்டார்: “கடைசில அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போயிட்டாளா?”