மீனுக்கென்று விற்கப்படும் மருந்து

வண்ணமீன் கடைகளில் விற்கப்படும் அன்ரிபயோட்டிக் மருந்துகளைப் பற்றித் தலையங்கம் தீட்டவேண்டிய அவசியம் என்னவெனச் சிலர் வினவக்கூடும். அம்மருந்துகளை மீன்கள் மட்டும் உட்கொள்ளவில்லை என்பதே எமது விடை.

அமொக்ஸிசிலின், செபலெக்சின், டொக்ஸிசைக்கிளின் ஆகியன வைத்தியர் எழுதித் தந்தாலன்றி அமெரிக்கப் பாமசிகளில் மனிதருக்குக் கிட்டாதவை. அதே மருந்துகள் மீன்படம் பொறித்த போத்தல்களில், எவ்விதக் கேள்வியுமின்றிப் பல்லாண்டுகளாக விற்கப்பட்டு வந்தன. மீன்தொட்டியே இல்லாதவர்களும் வாங்கினர். சிப்பாய் ஒருவர் இவ்வாறு மருந்து பெற்ற செய்தியை இராணுவ வைத்தியர்கள் 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினர். அரசு விழித்துக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. மனித வைத்தியத்திற்கு முக்கியமான மருந்துகளை விலங்குகளுக்கு வழங்குவதாயின் மிருக வைத்தியரின் சீட்டு வேண்டுமென்ற ஏற்பாடு 2023 ஜூன் 11இல் முழுமை பெற்றது. மீன்மருந்துகளோ முன்னரே அங்கீகாரம் பெறாதவை. அவற்றை விற்றோர் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்களுக்கு உணவு, மருந்து நிர்வாகம் அவ்வாண்டு டிசெம்பரில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இக்கட்டுப்பாட்டை நாம் வரவேற்கிறோம். ஆயினும், ஒரு மனிதன் ஏன் மீனின் மருந்தை விழுங்குகிறான் என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை. காப்புறுதி இல்லாதவனுக்கு வைத்தியரின் கட்டணம் மருந்தின் விலையைப் பன்மடங்கு விஞ்சி நிற்கிறது. அடைக்கலம் கோரிக் காத்திருப்போர் பலர், மருத்துவமனையில் பெயர் பதிந்தால் வழக்குப் பாதிக்கப்படுமோ என்றும் அஞ்சுகின்றனர். 2024 ஜனவரியில் மெடி-கால் திட்டத்தைக் குடிவரவு நிலை பாராது எல்லா வயதினருக்கும் திறந்துவிட்ட கலிபோர்னியா மாநிலம், ஆவணமற்ற வளர்ந்தோர் 2026 ஜனவரி முதல் புதிதாகச் சேர்வதைத் தடுத்துச் சட்டமியற்றியது. மருந்துத் தட்டை மூடிய கையோடு வைத்தியசாலைக் கதவையும் பாதி மூடினால், ஊரிலிருந்து பயணப் பெட்டிகளில் வரும் மாத்திரைகளே மிஞ்சும்.

அதற்காக மீன்மருந்து தீர்வாகிவிடாது. அங்கீகாரமற்ற போத்தலினுள் இருப்பது என்ன, எவ்வளவு என்பதற்கு உத்தரவாதமில்லை. தடிமனும் சளிக்காய்ச்சலும் பெரும்பாலும் வைரசால் வருபவை. அவற்றை அமொக்ஸிசிலின் தீண்டாது. பென்சிலின் ஒவ்வாதவருக்கோ அது உயிராபத்து. குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு.

மீனுக்காவது இம்மருந்து பயன்படுகிறதா? பல வேளைகளில் இல்லை. ஊரில் குழாய்நீரை ஓரிரவு வாளியில் வைத்தால் குளோரின் பறந்துவிடும். சாந்தா கிளாரா பள்ளத்தாக்கின் குழாய்நீரில் பெரும்பகுதிக்குக் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. அது அவ்வாறு எளிதில் போகாது; கடையில் விற்கும் நீர் சீராக்கியை இடவேண்டும். இதை அறியாதவர் தொட்டியில் மீன் மேல்மூச்சு வாங்கும்போது, நோயென்று கருதி மருந்தைக் கொட்டுகிறார். அம்மருந்து, வடிகட்டியில் வாழ்ந்து மீன்கழிவின் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் நல்ல பற்றீரியாக்களையும் கொல்லக்கூடும். அமோனியா ஏற, எஞ்சிய மீன்களும் மடியும். வெள்ளைப்புள்ளி நோயோ ஒட்டுண்ணியால் வருவது. அன்ரிபயோட்டிக்குக்கு அங்கு வேலையே இல்லை. ஆகவே வாடிக்கையாளர் மருந்து கேட்டால், கடைக்காரர் முதலில் தொட்டிநீரைப் பரிசோதித்துக் காட்டுவதே நேர்மையான வியாபாரம். அதன் பின்னரும் மருந்து தேவையெனில் மிருக வைத்தியரிடம் அனுப்புவது அவர் கடன். நம்மவர் கடையாயினும் இதில் விலக்கில்லை.

வைத்தியரைக் காண வழியற்ற வாசகர்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசின் நிதியுதவி பெறும் சமூக மருத்துவ நிலையங்கள் சான் ஹோசேயிலும் உள்ளன. பணமில்லையென எவரையும் திருப்பியனுப்பாது, வருமானத்திற்கேற்பக் கட்டணம் குறைப்பது அவற்றின் கடப்பாடு. மெடி-காலில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு மேற்சொன்ன தடை இல்லை.

வீட்டில் மீன்மருந்து மிஞ்சியிருப்பின் கழிவறையில் கொட்டவேண்டாம். இந்நகரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டபின் பெரும்பாலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்முனையையே சேர்கிறது. மருந்தை முற்றாக நீக்குவதற்கென அந்நிலையங்கள் அமைக்கப்படவில்லை. பாமசிகள் சிலவற்றில் பழைய மருந்துகளைப் போடும் பெட்டி உண்டு. அதில் இடுவதற்குக் கட்டணம் இல்லை, பெயரும் கேட்கமாட்டார்கள்.