‘அனுபவம்’ தருகிறார்களாம், கூலி கிடையாதாம்!

விலங்கியல் படித்த பிள்ளைகளுக்குப் புதிய வாசல் ஒன்று திறந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தமானுக்குப் போகலாம், லட்சத்தீவுக்குப் போகலாம். காட்டிலும் கடலோரத்திலும் மாதக் கணக்கில் தங்கி, ஆமையையும் பாம்பையும் பவழத்தையும் நேரில் பார்த்து, கணக்கெடுத்து, விஞ்ஞானம் கற்கலாம். இதற்கு ‘இன்டர்ன்ஷிப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். களப் பயிற்சி என்று நாம் சொல்லிக்கொள்வோம். நல்ல விஷயந்தான். ஆனால் இத்தகைய அறிவிப்புகளின் கடைசி வரியைப் பார்த்திருக்கிறீர்களா? சம்பளம் கிடையாது. கப்பல் கூலியும் விமானக் கூலியும் அவரவர் பாடு. சில இடங்களில் சோறும் படுக்கையும் உண்டு; சில இடங்களில் அதற்கும் பயிற்சிக்கு வருகிறவரே பணம் கட்ட வேண்டும். பதிலுக்கு என்ன கிடைக்கும்? அனுபவம் கிடைக்கும்!

உதவித் தொகை கொடுக்கிற இடங்களும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொடுக்காத இடங்கள் நிறைய. இது நமது நாட்டில் மட்டும் உள்ள வழக்கமும் அல்ல. உலகமெங்கும் காட்டு விலங்கு ஆராய்ச்சியில் இளைஞர்களின் இலவச உழைப்பு ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்வதற்குத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். குழித்தறியில் நெசவாளி உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை கரை நாடாவை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அந்தப் பிள்ளைக்கு அதுதான் வேலை. கேட்டால் என்ன சொன்னார்கள்? “பையன் தொழில் கற்றுக்கொள்கிறான், அவனுக்கு என்ன கூலி?” முன்பணம் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகளைத் தறியில் கட்டிப்போட்ட கொடுமை வெகு காலம் நடந்தது. 2003-ம் ஆண்டில் மனித உரிமைக் கண்காணிப்பு என்ற சர்வதேச அமைப்பு பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது. “கற்றுக்கொள்கிறான்” என்ற அந்த ஒரே சொல்லால் எத்தனை வருஷத்துக் கூலியை விழுங்கினார்கள்! இன்று அதே சொல்லைக் கொஞ்சம் வெளுத்துக் கஞ்சி போட்டு, பட்டதாரிப் பிள்ளைகளிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டும் ஒரு வீட்டுப் பெண் விலங்கியலில் பி.எஸ்ஸி. தேறியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேற்படிப்புக்கோ ஆராய்ச்சி வேலைக்கோ மனுப் போடுகிறாள். “களத்தில் வேலை செய்த அனுபவம் உண்டா?” என்று கேட்கிறார்கள். அனுபவம் பெற மூன்று மாதமோ ஆறு மாதமோ சம்பளமில்லாமல் தீவில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். அவள் தகப்பனார் ஒரு சேலையை இறக்கப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். இழை இழைத்து, பாவு பிணைத்து, அந்தப் பெண்ணின் கையும் அதில் இருக்கிறது. அவள் போய்விட்டால் வீட்டில் ஒரு கை குறையும். அதோடு மாதாமாதம் அவளுக்குப் பணமும் அனுப்ப வேண்டும். எங்கிருந்து அனுப்புவார்? பட்டணத்தில் சொந்த வீடும் சம்பாதிக்கும் அப்பாவும் உள்ள பிள்ளை போய்விட்டு வருகிறது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் திரும்பி வந்ததும் அதற்குத் ‘தகுதி’ என்று பெயர். போக முடியாதவளுக்கு? ‘ஆர்வமில்லை’ என்று பெயர்!

வரதராஜர் கோயிலில் பல்லியைத் தொட்டு வணங்க நம் ஊரில் எப்போதும் கூட்டம். பல்லிக்குக் கிடைக்கிற மரியாதையில் கொஞ்சம், பல்லியைப் பற்றிப் படிக்கப் போகும் பெண்ணுக்கும் கிடைத்தால் ஆகாதா?

தீவில் நடப்பது ஏதோ உல்லாசப் பிரயாணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சின்ன அந்தமான் தீவின் கடற்கரைகளில் 2008 முதல் ஏழுவரி ஆமைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். கடலாமைகளில் மிகப் பெரியது அது. 400, 500 கிலோ எடை இருக்கும். இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைக்குப் பக்கமாக இட்டுவிட்டுப் போகும். பார்க்கிறவர்கள் இரவெல்லாம் மணலில் நடக்க வேண்டும். ஆமை ஏறிய தடத்தை எண்ண வேண்டும். முட்டையிடும் நேரம் பார்த்து ஓட்டை நாடா வைத்து அளக்க வேண்டும். அடையாள வில்லை பூட்ட வேண்டும். மணல் ஈ உடம்பெல்லாம் தடிக்கக் கடிக்கும். கழிமுகத்தில் உப்புநீர் முதலை கிடக்கும். இப்படி நடந்து நடந்து, சில ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோளோடு பேசும் கருவியைப் பொருத்தி அனுப்பியதில்தான், சின்ன அந்தமானில் முட்டையிட்ட ஆமை ஒருபுறம் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைவரைக்கும் மறுபுறம் ஆப்பிரிக்கக் கரைவரைக்கும் போகிறது என்று தெரிந்தது. இரவு ஷிப்டு என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவும் இரவு ஷிப்டுதான். உழைப்புத்தான்.

பணமில்லாதவன் தீவுக்குப் போக முடியாது என்பது இன்று வந்த சட்டமல்ல. சார்லஸ் டார்வின் 1831-ல் ‘பீகிள்’ கப்பலில் ஏறினார். 1835-ல் கலாபகஸ் தீவுகளைப் பார்த்தார். உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்ற மகத்தான உண்மைக்கு அந்தப் பிரயாணமே வித்து. ஏறத்தாழ ஐந்து வருஷம் சம்பளமில்லை. செலவு முழுவதும் அப்பாவினுடையது. அப்பா பெரிய டாக்டர், பணத்தை வட்டிக்கும் விட்டவர். டார்வினின் மேதைமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அப்படி ஒரு அப்பா இல்லாத மேதைகள் எத்தனை பேர் கரையிலேயே நின்றுவிட்டார்கள் என்றுதான் கேட்கிறோம்.

அதே உண்மையைத் தனியே கண்டவர் ஆல்ஃபிரட் வாலஸ். பதினாலு வயதில் பள்ளியை விட்டவர். 1854 முதல் 1862 வரை மலேயாத் தீவுக்கூட்டத்தில் அலைந்து, பூச்சியும் பறவையும் பிடித்து, லண்டனுக்கு அனுப்பி விற்று, அந்தக் காசில் ஆராய்ச்சி செய்தார். 1,25,660 மாதிரிகள் சேர்த்ததாக அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார். தனியாகவா சேர்த்தார்? சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞன் வருஷக் கணக்கில் கூட இருந்தான். சமைத்தான், படகு ஓட்டினான், துப்பாக்கி பிடித்தான், தோலை உரித்துப் பதம் செய்தான். 1858-ல் பச்சான் தீவில், அதுவரை எந்த விஞ்ஞானியும் பார்க்காத சொர்க்கப் பறவை ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தவன் அவன்தான். அந்தப் பறவை இன்று வாலஸின் பெயரால் வழங்குகிறது. வாலஸ் நல்ல மனிதர். நடந்ததை மறைக்காமல் எழுதிவைத்தார். அதனால்தான் அலியின் பெயராவது நமக்குத் தெரிகிறது. எழுதி வைக்காதவர்களின் அலிகள் எங்கே?

தொலைவில் தேடுவானேன்? மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது. 2019-ல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டம். 1976-ல் தொடங்கிய அந்தப் பண்ணையின் முயற்சியால்தான் தென் அந்தமானில் வண்டூர் என்ற இடத்தில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உருவாயிற்று; தீவுக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களில் பலர் தங்குவது அங்கேதான். அங்கே படகு ஓட்டுவதும் காட்டில் வழி காட்டுவதும் கூடாரம் போடுவதும் யார் தெரியுமா? கரேன் மக்கள். காட்டு வேலைக்கென்று 1925-ல் வெள்ளைக்கார சர்க்கார் பர்மாவிலிருந்து அவர்களைக் கொண்டுபோய் அந்தமானில் குடியேற்றியது. கூலிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று அந்தக் காட்டின் ஆசிரியர்கள்.

முதலைப் பண்ணைக்குள்ளேயே 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்புத் தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பு இழந்த இருளர்கள், பாம்பைக் கொல்லாமல் பிடித்து விஷம் எடுத்துவிட்டு மறுபடியும் விடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் - இந்த நான்கின் விஷமும் இங்கிருந்து போகிறது. நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதிக்கு இந்த விஷமே மூலப்பொருள். இது யாருக்கு வேண்டிய மருந்து? மெத்தையில் படுப்பவனுக்கா? நாற்று நடவில் கால் வைப்பவளுக்கு, வைக்கோல் போரில் கை விடுபவனுக்கு வேண்டிய மருந்து. 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்து இந்தியாவில் மாண்டவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000 உயிர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

இங்கே தீவுக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பைக் கவனிக்க வேண்டும். ஒரு ஊர்ப் பாம்பின் விஷத்துக்குச் செய்த மருந்து, வேறு ஊர்ப் பாம்பின் விஷத்தை அதே அளவுக்கு முறிப்பதில்லை. அந்தமானில் உள்ள நாகம் உலகில் வேறெங்கும் இல்லாத தனி இனம். அங்கே தோட்டத்தில் வேலை செய்கிறவனைக் கடித்தால் நம் ஊர் விஷத்தில் செய்த மருந்தைத்தான் ஏற்றியாக வேண்டும். அந்தப் பாம்பு எங்கே வாழ்கிறது, விஷம் எப்படிப்பட்டது என்று யாரோ தீவில் தங்கிப் பார்த்தால்தான் தெரியும். களப் பயிற்சி என்பது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கக் கூடாது. அது நம் உயிர் சம்பந்தப்பட்ட அறிவு.

இருளர்களின் அறிவுக்கு விலை உண்டு என்று அமெரிக்காவுக்குத் தெரிந்துவிட்டது. புளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகி அட்டகாசம் செய்தபோது, 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்தார்கள். பணம் கொடுத்துத்தான் அழைத்தார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்பு பிடித்தார்கள். அவற்றில் பெரியது கீ லார்கோ என்ற தீவில் கிடைத்தது. பாம்பு போன தடத்தை மண்ணில் படிக்கும் வித்தைக்குப் பட்டம் ஏது? 2023-ல் நம் சர்க்காரும் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது. மிக்க மகிழ்ச்சி. அவர்கள் சேரிப் பிள்ளை ஒருத்தி விலங்கியல் படித்துத் தீவுக்குப் பயிற்சிக்குப் போக விரும்பினால், வழிச்செலவை யார் கொடுப்பார்கள்?

சம்பளம் மட்டுமல்ல பிரச்னை. நிக்கோபார் பெருந்தீவில் கலாத்தியா விரிகுடா ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் பெயர்போன கரை. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது ஆமை பார்க்க அங்கே முகாமிட்டிருந்தவர்களும் அலையில் மாண்டார்கள். ஆலையில் கை போனால் நஷ்டஈடு என்ற உரிமை நம் நாட்டில் 1923-லேயே சட்டமாயிற்று. கூலி வாங்காமல் தீவில் இரவு நடக்கும் பெண்ணைத் தொழிலாளி என்று எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்? பாம்பு கடித்தால், படகு கவிழ்ந்தால், அவள் பெற்றோர் யாரிடம் போய் நிற்பார்கள்?

அதே கலாத்தியாவில் பெருந்துறைமுகம் கட்டும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் மத்திய சர்க்கார் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. தொடக்க மதிப்பீடே 72,000 கோடி ரூபாய். 130 சதுர கிலோமீட்டர் காடு அந்தத் திட்டத்துக்குள் வருகிறது. காடு அழிந்தால் என்ன போகும், ஆமை எங்கே போகும், ஷோம்பென் மக்கள் கதி என்ன என்ற கேள்விகளுக்கு அந்த மண்ணில் நடந்து கண்டவர்கள்தான் பதில் சொல்ல முடியும். அப்படி நடப்பவர்கள் எல்லோரும் வசதியான வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்தால், கூலிக்காரனும் பழங்குடியும் இழப்பது அவர்கள் கண்ணில் எவ்வளவு படும்?

‘பணமில்லை, என்ன செய்வது?’ என்று ஆராய்ச்சி நிலையங்கள் சொல்லக்கூடும். பல சிறிய நிலையங்களுக்கு அது உண்மையும்கூட; அவர்கள் மேல் நாம் பாய விரும்பவில்லை. சொந்த விருப்பத்தில் செய்யும் தொண்டையும் நாம் இகழவில்லை. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், படிப்புக்கு இடையில் செய்கிற அருமையான சேவை அது. ஆனால் வேலைக்குத் தகுதி என்று ஒன்றைக் கட்டாயமாக்கிவிட்டு, அதைக் கூலியில்லாமல் செய்து காட்டு என்பது தொண்டல்ல. ஆலையில் ஃபிட்டர் வேலை கற்கும் பையனுக்கு 1961-ம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டப்படி உதவித் தொகை உண்டு. ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டருக்கு உண்டு. தீவில் ஆமை எண்ணுபவளுக்கு மட்டும் காற்றும் கடலும் போதுமா?

ஆகவே நம் பிள்ளைகள் படிக்கிற கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இந்தக் கேள்வி எழ வேண்டும். களப் பயிற்சியைப் பாடத்தில் சேர்த்தால் அதற்கான பிரயாணச் செலவும் சாப்பாடும் மாத உதவித் தொகையும் விபத்துக் காப்பீடும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்கும் மத்திய, மாநில சர்க்கார்கள், பயிற்சி மாணவருக்கு இவ்வளவு, உள்ளூர் வேலையாளுக்கு இவ்வளவு என்று மானியத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டுரை அச்சாகும்போது தடம் காட்டிய கரேன் தொழிலாளியின் பெயரும், பாம்பு பிடித்த இருளரின் பெயரும் அதில் வர வேண்டும். நெசவாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுத்து, மாணவர் சங்கத் தோழர்களையும் அழைத்துப் பேசலாம். பிள்ளையார்பாளையத்தில் எத்தனை வீட்டில் விலங்கியலும் தாவரவியலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் செலவுக்குப் பயந்து பயிற்சியைக் கைவிட்டார்கள் என்று முதலில் தெருத்தெருவாகக் கணக்கெடுப்போம்.