பச்சிலைக்குப் பங்கு உண்டு, படத்துக்கு?

1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, வழிகாட்டிகளான காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு காயை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிலையம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. 1995-இல் உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி என்று ஒரு மருந்து நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. தங்களைக் கேட்கவில்லை என்று காணிகளில் பலரே பிறகு குறைப்பட்டார்கள். அது நியாயமான குறைதான். ஆனாலும் அறிவுக்குச் சொந்தக்காரர் உண்டு என்று நம் நாடு அன்றே ஒப்புக்கொண்டது.

ஓவியத்துக்கு அந்த நியாயம் இன்னும் வந்து சேரவில்லை.

ஆஸ்திரேலியா இதை அடிபட்டுத்தான் கற்றது. 1966-இல் வந்த ஒரு டாலர் நோட்டில், பழங்குடி ஓவியர் டேவிட் மலாங்கி மரப்பட்டையில் வரைந்த படத்தை அவரைக் கேட்காமலேயே அச்சடித்தார்கள். வரைந்தவர் எப்போதோ செத்துப்போன யாரோ என்று நினைப்பு! மனிதர் உயிரோடு இருப்பது தெரிந்ததும் 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார்கள்.

நடுப் பாலைவனத்துப் பப்புன்யாவில் 1971-இல் பழங்குடிப் பெரியவர்கள் தேனெறும்புக் கதையைப் பள்ளிச் சுவரில் தீட்டினார்கள். சடங்கு நேரத்தில் மணலில் வரையும் உருவங்கள் அப்படித்தான் சுவருக்கும் பலகைக்கும் வந்தன. வட்டங்கள் நீர்நிலையாகவோ தங்கும் இடமாகவோ இருக்கும். கோடுகள், கனவுக்காலத்தில் முன்னோர் நடந்து நிலத்தை உருவாக்கிய தடங்கள். எந்தக் கதையை யார் வரையலாம் என்பதைப் பிறப்பும் உறவுமுறையும் தீர்மானிக்கும். ரகசியச் சின்னங்கள் சந்தைக்குப் போனதும் மற்றக் குழுவினர் கொதித்தார்கள். ஓவியர்கள் அவற்றை ஒதுக்கினார்கள்.

பப்புன்யா ஓவியர்களில் ஒருவரான கிளிஃபோர்ட் போஸம் 1977-இல் வரைந்த ‘வார்லுகுலாங்’ முதலில் 1,200 டாலருக்கு விற்றது. 2007 ஏலத்தில் 24 லட்சம் டாலர். அவர் இறந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. 2010-இல்தான் மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ 5 சதவீதம் தரும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவும் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் ஓவியத்தில் பங்கு உண்டு என்கிறது. ஏட்டுச் சுரைக்காய். அதுவும் தனி ஓவியருக்குத்தான். குலத்தின் பொதுச்சொத்தான உருவத்துக்கு அதில் இடமில்லை.

கோத்தகிரி அருகே வெள்ளரிகொம்பையின் குறும்பர் பழங்குடியினர் வேங்கைப் பிசினையும் இலைச்சாற்றையும் கொண்டு தேனெடுப்பையும் சடங்குகளையும் வரைகிறார்கள். அந்த உருவத்தை ஒருவர் சேலையில் அச்சடித்து விற்றால் ஊருக்கு என்ன கிடைக்கும்? கேரளமும் தமிழ்நாடும் ஆரோக்கியப்பச்சை ஒப்பந்தத்தை எடுத்துவைத்துக்கொண்டு இதற்கும் ஒரு விதி எழுதலாம். இந்த முறை கையெழுத்துக்கு முன்பே, அவர்கள் மொழியில், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு.